பீரங்கிப் படையும் பிஞ்சுக் குழந்தையும்

1838-ம் வருஷம். பாரிஸில் நாடகக் கொட்டகைகள் வரிசைகட்டி நிற்கும் ஒரு பெரிய வீதி. குதிரை வண்டியும் கூட்டமுமாக எந்நேரமும் ஜேஜே என்றிருக்கும். லூயி டாகேர் என்பவர் மாடி ஜன்னலில் தன் கேமராவை வைத்து அந்த வீதியைப் படம் பிடித்தார். படத்தைப் பார்த்தால் ஊரடங்கு போட்ட மாதிரி இருக்கிறது. ஈ, காக்கா இல்லை. ஓடிய வண்டி, நடந்த ஜனம் எதையும் அந்தத் தகடு மதிக்கவே இல்லை. ஓரமாக நின்று ஷூ பாலிஷுக்குக் காலை நீட்டிக்கொண்டிருந்த ஓர் ஆசாமி மட்டும் தப்பித் தவறிப் பதிவாகிவிட்டார். புகைப்படத்தில் விழுந்த முதல் மனிதர்களில் ஒருவர் என்று இன்றைக்கு அவரைக் கொண்டாடுகிறார்கள். அவர் செய்த சாதனை: சும்மா நின்றது.

அந்தச் சாதனையைச் செய்யவே முடியாத ஒரு கூட்டம் உலகத்தில் உண்டு. கேமராவின் கதையை எழுதுகிறவர்கள் அரசர்கள், போர்க்களங்கள், மலைச்சிகரங்கள் என்று அடுக்குவார்கள். நம்பாதீர்கள். மலை எங்கேயும் ஓடாது. லென்ஸ் செய்கிறவர்களின் தூக்கத்தைக் கெடுத்தது, ஜட்டிகூட இல்லாமல் கூடத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒன்றரை வயது வாண்டு.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்து, அதை எந்த லென்ஸில் பிடிப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தால், வரிசையின் கடைசியில் போய் நில்லுங்கள். உங்களுக்கு முன்னால் ஒரு கணித மேதை, ஓர் இளவரசர், கொஞ்சம் ராணுவம், ஒரு பூனை எல்லாரும் நிற்கிறார்கள்.

முதலில் டாகேரை முடித்துவிடுவோம். 1839 ஆகஸ்ட் 19 அன்று பாரிஸில் அவருடைய ரகசியம் அறிவிக்கப்பட்டது. பிரெஞ்சு அரசாங்கம் அவருக்கு ஆயுள் பென்ஷன் கொடுத்துவிட்டு, இந்தக் கண்டுபிடிப்பு உலகத்துக்கே இலவசம் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னது. ஆஹா, என்ன ஒரு தாராளம்! அதற்கு ஐந்து நாள் முன்னாலேயே டாகேர் தரப்பு சத்தமில்லாமல் இங்கிலாந்தில் பேட்டன்ட் வாங்கியிருந்தது.

இலவசம் என்றதும் உலகம் என்ன செய்யும்? தன் மூஞ்சியைப் படம் எடுத்துக்கொள்ள வரும். வந்தது. ஆனால் டாகேர் கேமராவின் லென்ஸ், இன்றைய கணக்கில் எஃப்/16 பக்கம். (எஃப் எண் பெருத்தால் ஓட்டை சிறுத்தது என்று அர்த்தம். யார் போட்ட கணக்கோ, தலைகீழாகப் போட்டுவிட்டார்கள்.) உச்சி வெயிலிலேயே நிமிஷக்கணக்கில் ஆடாமல் அசையாமல் உட்கார வேண்டும். நியூயார்க்கில் ஜான் டிரேப்பர் என்ற வேதியியல் பேராசிரியர், முகம் சீக்கிரம் பதியட்டும் என்று எதிரே உட்கார்ந்தவர்களின் முகத்தில் மாவைப் பூசிப் பார்த்தார். பியூட்டி ஃபில்டரின் முதல் வெர்ஷன், அடுப்படியிலிருந்து வந்திருக்கிறது.

பெரியவர்களுக்குப் பின்னந்தலையைத் தாங்கிப் பிடிக்க இரும்பு ஸ்டாண்டு வந்தது. இந்த ஸ்டாண்டைக் காட்டி இன்டர்நெட்டில் ஒரு பீதிக் கதை சுற்றுகிறது: அந்தக் காலத்தில் பிணங்களை இதில்தான் நிற்க வைத்துப் படம் எடுத்தார்களாம். அடடா! இறந்தவர்களைப் படம் எடுத்தது உண்மை. ஆனால் படுக்க வைத்தோ சாய்த்தோதான். அந்த ஸ்டாண்டுக்கு ஒரு முழு உடம்பைத் தாங்கும் தெம்பெல்லாம் கிடையாது. உயிரோடு இருந்தவர்களின் தலை ஆடாமல் பார்த்துக்கொள்ளத்தான் அது. படத்தில் அவர்கள் பிணம் மாதிரி தெரிவதற்குக் காரணம், போட்டோ ஸ்டூடியோ.

சரி, வியன்னாவுக்கு வருவோம். அங்கே பல்கலைக்கழகத்தில் ஜோசஃப் பெட்ஸ்வால் என்று ஒரு கணிதப் பேராசிரியர். ஹங்கேரி ராஜ்ஜியத்துக்காரர், முப்பது சொச்சம் வயது. பாரிஸுக்குப் போய் டாகேரின் அதிசயத்தைப் பார்த்துவிட்டு வந்த சக பேராசிரியர் எட்டிங்ஸ்ஹௌசென், “எல்லாம் சரி, லென்ஸ்தான் மந்தம், நீங்கள் கொஞ்சம் பாருங்களேன்” என்கிற தோரணையில் விஷயத்தை இவர் காதில் போட்டார். அதுவரை லென்ஸ் செய்தவர்கள் கண்ணாடியைத் தேய்த்துப் பார்ப்பார்கள், சரிவராவிட்டால் மறுபடி தேய்ப்பார்கள். பெட்ஸ்வால் கண்ணாடியைத் தொடவில்லை. பேப்பரை எடுத்தார்.

ஒளிக்கதிர் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பிலும் எவ்வளவு வளையும் என்று கணக்குப் போட வேண்டும். ஒன்று இரண்டு இல்லை, மலை மலையாக. கால்குலேட்டர் கிடையாது. ஆனால் வேறொன்று இருந்தது. அன்றைக்குக் கணக்கை வேகமாகப் போடத் தெரிந்த ஆட்கள் மொத்தமாகக் கிடைக்கிற இடம் பீரங்கிப் படை. குண்டு எங்கே போய் விழும் என்று கணக்குப் போட்டே பழகியவர்கள். படைக்குத் தலைவராக இருந்த இளவரசர் லுட்விக், எட்டு கன்னர்களையும் மூன்று கார்ப்பரல்களையும் பேராசிரியருக்குக் கடனாக அனுப்பி வைத்தார் என்று சொல்கிறார்கள். நெப்போலியனையே எதிர்த்து நின்ற சாம்ராஜ்யத்தின் பீரங்கிப் படை, லாகரிதம் டேபிளைப் பிரித்து வைத்துக்கொண்டு போர்ட்ரெய்ட் லென்ஸுக்கு ஹோம்வொர்க் செய்தது.

1840-ல் விடை வந்தது. எஃப்/3.6. பழைய லென்ஸைவிட ஏறக்குறைய இருபது மடங்கு வெளிச்சம். நிமிஷங்கள் நொடிகளாயின. நடுவில் முகம் பளிச்சென்று இருக்கும். ஓரத்துக்குப் போகப் போக எல்லாம் குழைந்து சுழலும். ஓரம் சரியில்லையே என்று கேட்டால், முகத்தைப் பார்ப்பதா ஓரத்தைப் பார்ப்பதா என்ற நியாயம் தயாராக இருந்தது.

பெட்ஸ்வாலிடம் எல்லாம் இருந்தது, நிதானம் மட்டும் இல்லை. வாள்வீச்சில் கில்லாடி. வியன்னாவுக்கு வெளியே மலைமேல் ஒரு பழைய மடாலயத்தில் குடியிருந்துகொண்டு, கறுப்பு அரபிக் குதிரையில் வகுப்புக்கு வருவார் என்று ஒரு கதை. யோசித்துப் பாருங்கள், கணக்கு வாத்தியார், கறுப்புக் குதிரை, இடுப்பில் வாள். அட்டெண்டன்ஸ் நூறு சதவீதம் இருந்திருக்கும்.

இந்த வீரர் ஒரே ஓர் இடத்தில் ஆயுதமில்லாமல் போனார்: காண்ட்ராக்ட். லென்ஸைத் தயாரிக்கும் உரிமை ஃபோக்ட்லேண்டர் கம்பெனிக்குப் போனது. இவருக்குக் கிடைத்தது ஒரே தவணையாக 2,000 கில்டர். லென்ஸ் ஐரோப்பா முழுக்க விற்றுத் தீர்ந்தது. சண்டை வெடித்தது. முதலாளி வாதாடி மெனக்கெடவில்லை. 1849-ல் ஆஸ்திரியாவின் எல்லைக்கு வெளியே, ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக்கில் ஒரு ஃபேக்டரி திறந்தார். வரி இல்லாத தீவில் கம்பெனி பதிவு செய்கிற இன்றைய ஆட்களெல்லாம் அந்த மனிதருக்கு மாலை போட வேண்டும்.

கோபம் ஆறாத பெட்ஸ்வால் அடுத்து யார் கிடைப்பார் என்று தேடியதுபோல 1852-ல் கிறிஸ்டியன் டாப்ளர் மேல் பாய்ந்தார். ஆமாம், அதே டாப்ளர். நகரும் பொருளிலிருந்து வரும் அலை மாறிக் கேட்கும் என்று டாப்ளர் சொன்னதைக் கணிதப்படி அபத்தம் என்று அகாடமியில் போட்டுத் தாக்கினார். டாப்ளர் அடுத்த வருஷமே இறந்துபோனார். ஆனால் இன்று பிரசவ வார்டில் வயிற்றின்மேல் ஒரு கருவியை வைத்ததும் டக் டக் டக் என்று சிசுவின் இதயத் துடிப்பு கேட்கிறதே, அது டாப்ளரின் அபத்தம்தான். பெட்ஸ்வால் லென்ஸுக்குக் குழந்தை பிறந்து, குளித்து, பவுடர் போட்டு வர வேண்டும். டாப்ளர் அதற்கு முன்னாலேயே உள்ளே போய்விட்டார்.

போகட்டும். லென்ஸ் வேகமாகிவிட்டது, ரசாயனமும் வேகமாகிவிட்டது. குழந்தை மாட்டியதா? இல்லை. பெரியவர்களுக்குப் பத்து நொடி என்பது வெற்றி. எட்டு மாதக் குழந்தைக்குப் பத்து நொடி என்பது ஒரு யுகம். அதற்குள் அது ஒருமுறை சிரித்து, ஒருமுறை அழுது, கால் கட்டைவிரலை வாயில் வைத்திருக்கும்.

அதனால் ஸ்டூடியோக்காரர்கள் உலகின் மிகப் பழைய ட்ரைபாடை இறக்கினார்கள்: அம்மா. அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, தலையோடு சேர்த்து திரைத்துணியால் மூடி, மடியில் குழந்தையை வைத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். படத்தில் குழந்தை மட்டும் தெரியுமாம். நினைப்புதான். பூப்போட்ட துணிக்குள் ஒரு மனித உருவம் அப்பட்டமாகத் தெரியும். சில படங்களில் துணிக்கு வெளியே ஒரு கை நீட்டிக்கொண்டிருக்கும். இத்தாலியக் கலைஞர் லிண்டா ஃபிரெக்னி நாக்லர் இப்படி 997 படங்களைச் சேர்த்து 2013-ல் வெனிஸ் பியனாலே கண்காட்சியில் வைத்தார். பார்த்தால் முதலில் சிரிப்பு வரும், பிறகு கொஞ்சம் திகில் வரும். அத்தனை குழந்தைகளும் பேய்களின் மடியில் ஹாயாக உட்கார்ந்திருக்கின்றன.

கேமராவை நேராகப் பார்க்க வைக்க, தண்ணீர் ஊற்றி ரப்பர் பந்தை அமுக்கினால் கிரீச்சிடும் பித்தளைக் குருவி வந்தது. வேலை செய்தது. என்ன, குழந்தை குருவியைப் பிடிக்க எழுந்துவிடும்.

இந்த அவஸ்தைக்கு நடுவே இங்கிலாந்தின் வைட் தீவில் ஒரு மகாராணி கிளம்பினார். பட்டம் நாம் கொடுப்பது. பெயர் ஜூலியா மார்கரெட் கேமரன். கல்கத்தாவில் பிறந்தவர். கணவர் சார்லஸ், பள்ளிக்கூட வரலாற்றுப் பாடத்தில் கோல்புரூக் – கேமரன் சீர்திருத்தம் என்று இலங்கைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்களே, அந்தக் கேமரன். 1863-ல், நாற்பத்தெட்டு வயதில், “பொழுது போகும் அம்மா” என்று மகளும் மருமகனும் ஒரு கேமரா வாங்கிக் கொடுத்தார்கள். குடும்பத்தில் யாருக்கும் அதற்குப் பிறகு நிம்மதியாகப் பொழுது போகவில்லை.

கோழிகளை வெளியேற்றிவிட்டு, கண்ணாடி போட்ட கோழிக்கொட்டகையையே ஸ்டூடியோ ஆக்கினார். லென்ஸ்? பெட்ஸ்வால் வகைதான். முதல் படத்துக்கு ஒரு விவசாயியை மணிக்கு அரை கிரவுன் கூலி கொடுத்து உட்கார வைத்து, எடுத்து முடித்த சந்தோஷத்தில் ஈரத் தகட்டின் மேலேயே கையை வைத்துத் தேய்த்துப் படத்தை அழித்தார். அடுத்து இரண்டு குழந்தைகள். எல்லாம் கூடி வரும் நேரத்தில் அதில் ஒன்று குபீரென்று சிரித்துத் தொலைத்தது. படம் போச்சு.

அந்த அம்மாள் தளர்ந்தாரா? இல்லை. 1864 ஜனவரியில் ஆனி என்ற சிறுமியைத் தனியாகப் பிடித்து, நீ அசைந்தால் இந்த ஏழையின் ரசாயனமும் உழைப்பும் வீண் என்று சென்டிமென்டாக ஒரு போடு போட்டார். உலகப் புகைப்பட வரலாற்றில் இரும்பு ஸ்டாண்டு சாதிக்காததை எமோஷனல் பிளாக்மெயில் சாதித்தது. படம் விழுந்தது. கேமரன் அம்மையாருக்குத் தலைகால் புரியவில்லை. வீடு முழுக்க ஓடி அந்தப் பெண்ணுக்குக் கொடுக்கப் பரிசுகளைத் தேடினார். இந்தப் படத்தை எடுத்ததே அவள்தான் என்று தோன்றிவிட்டதாம். கேமராக்காரர் ஒருவர் கிரெடிட்டை மாடலுக்குக் கொடுத்த சம்பவம், எனக்குத் தெரிந்து, அதோடு சரி.

பரிசெல்லாம் ஆனியோடு நின்றுபோனது. அடுத்து வந்த குழந்தைகளுக்குக் கிடைத்தது சிறகு. நிஜ அன்னப்பறவையின் கனத்த சிறகுகளைச் சின்னத் தோளில் கட்டி, தலையைக் கலைத்துவிட்டு, தேவதையாக நில் என்பார். எக்ஸ்போஷர் நிமிஷக்கணக்கில். 1872-ல் எடுத்த ஒரு படத்தில் அவருடைய உறவுக்காரக் குட்டிப் பெண் சிறகோடு முகவாயைக் கையில் தாங்கி நம்மைப் பார்க்கிறாள். சொர்க்கத்தின் அமைதி என்று ரசிகர்கள் உருகினார்கள். உற்றுப் பாருங்கள், ‘இன்னும் எவ்வளவு நேரம் பாட்டி?’ என்கிற கடுப்பு அது.

படங்கள் கலங்கலாக இருக்கின்றன என்று அந்தக் காலப் புகைப்படச் சங்கத்துப் பெரிய மனிதர்கள் மூக்கைச் சுருக்கினார்கள். அம்மையாரின் பதில் ரொம்ப நேர்மை: லென்ஸைத் திருகிக்கொண்டே வருவேன், எங்கே அழகாகத் தெரிகிறதோ அங்கே நிறுத்திவிடுவேன், நீங்கள் சொல்லும் ஷார்ப்புக்கெல்லாம் போகமாட்டேன் என்பது அதன் சாரம். இன்று ‘பின்னால் எல்லாம் ப்ளர் ஆக வேண்டும் சார்’ என்று கடையில் கேட்கிறீர்களே, அந்த நோயின் மூலம் இங்கே. 1875-ல் கேமரன் தம்பதி இலங்கைக் காப்பித் தோட்டத்துக்கே குடிபெயர்ந்தார்கள். முன்ஜாக்கிரதையாகக் கப்பலில் இரண்டு சவப்பெட்டிகளையும் ஒரு பசுவையும் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று கதை. பால் புதிதாக வேண்டுமாம். சவப்பெட்டி, இருக்கட்டும் என்று. 1879-ல் அம்மையார் போய்ச் சேர்ந்தது இலங்கையில்தான். பொகவந்தலாவைத் தேவாலயத்தில் இருக்கிறது கல்லறை.

வரிசையில் ஒரு பூனை உண்டு என்றேனே. அது லண்டனில் ஸ்டூடியோ வைத்திருந்த சுவீடன்காரர் ஆஸ்கர் ரைலாண்டருடையது. வெளிச்சம் அளக்க அவரிடம் மீட்டர் இல்லை, பூனை இருந்தது. பூனையின் கண்மணி கோடாக இருந்தால் சட்டென்று படம். கொஞ்சம் விரிந்திருந்தால் கொஞ்சம் நேரம் கூட. வட்டமாக விரிந்துவிட்டால் லென்ஸை மூடிவிட்டு வாக்கிங் போய்விடுவார் என்பார்கள். பேட்டரி போட வேண்டாம், பால் ஊற்றினால் போதும்.

இவரிடம்தான் சார்லஸ் டார்வின் வந்து சேர்ந்தார். உணர்ச்சிகள் முகத்தில் எப்படி வெளிப்படுகின்றன என்று புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். வீறிட்டு அழும் குழந்தை அவருக்குப் படமாக வேண்டும். தன் பிள்ளைகளின் அழுகையையே நோட்டு போட்டுக் குறித்து வைத்த அப்பா அவர்! 1872-ல் புத்தகம் வந்தது. அதிலிருந்த ரைலாண்டரின் அழுகிற குழந்தை சூப்பர் ஹிட். தனிப் படமாகவே பல்லாயிரம் பிரதி விற்றது. அறிவியலின் வெற்றி! பின்னாளில் ஆய்வாளர்கள் உற்றுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது குழந்தையின் போட்டோவே இல்லை. போட்டோவைப் பார்த்து வரைந்த ஓவியத்தை மறுபடி போட்டோ எடுத்திருக்கிறார். ஓவியம் அசையாது பாருங்கள்.

லென்ஸால் முடியாததை வெடிமருந்தால் முடிக்கலாம் என்று 1887-ல் ஜெர்மனியில் மியெத்தே, கேடிக்கே என்ற இருவர் மெக்னீசியத் தூளோடு வெடிக்கிற சமாச்சாரங்களைக் கலந்து ஃபிளாஷ் பவுடர் செய்தார்கள். நியூயார்க் நிருபர் ஜேக்கப் ரீஸ் அதை வாணலியில் வைத்துக் கொளுத்தி, சேரிகளின் இருட்டறைகளைப் படம் எடுத்தார். மகத்தான பணி. அந்தப் பணியில் இரண்டு தடவை வீட்டுக்கும் ஒரு தடவை தனக்கும் தீ வைத்துக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். குழந்தை அசையாமல் இருக்கும் என்பது உறுதி. புகைப்படக்காரர் இருப்பாரா என்பதுதான் கேள்வி.

1924-ல் லுட்விக் பெர்டெலே என்ற இருபத்து மூன்று வயதுப் பையன் எஃப்/2 லென்ஸைச் செய்து காட்டினார். ஃபிளாஷ் இல்லாமல் வீட்டுக்குள் சட்டென்று படம் எடுக்கக் கதவு திறந்தது. அடுத்து எல்லாரும் பிள்ளைகளை எடுத்திருப்பார்கள் என்று நினைப்பீர்கள். ஜெர்மானிய நிருபர் எரிக் ஸாலமன் அந்த லென்ஸ் பொருத்திய கேமராவோடு சர்வதேச மாநாடுகளுக்குள் நுழைந்தார். 1930-ல் ஹேக் நகரில் நள்ளிரவுக்கு மேல் நாற்காலியில் தூங்கி வழிந்த அமைச்சர்களைச் சுட்டுத் தள்ளினார். கேமராவுக்கு ஏற்ற குழந்தைகள் ஒருவழியாகக் கிடைத்துவிட்டார்கள்.

உச்சக்கட்ட வெறி ஸ்டான்லி குப்ரிக். நிலவுப் பயணங்களுக்காக நாசாவுக்கு ஸைஸ் கம்பெனி செய்த எஃப்/0.7 லென்ஸை வாங்கி, 1975-ல் வந்த ‘பேரி லிண்டன்’ படத்தில் மெழுகுவத்தி வெளிச்சத்திலேயே காட்சிகளை எடுத்தார். பிரமாதம். ஆனால் அந்த லென்ஸில் ஃபோகஸ் நிற்கும் ஆழம் அவ்வளவு கம்மி. நடிகர் முன்னே பின்னே சாய்ந்தால் முகம் கரைந்துவிடும். ஆகவே கோடிக்கணக்கில் செலவு செய்து, வளர்ந்த மனிதர்களிடம் அவர் கேட்டுக்கொண்டது: கொஞ்சம் அசையாமல் உட்காருங்கள்.

இப்போது உங்கள் முறை. கேமராவோடு பெட்டியில் இலவசம் மாதிரி ஒரு ஜூம் லென்ஸ் வந்திருக்குமே, 18-55? அதை 55-க்குத் திருகினால் எஃப்/5.6. கறுப்புக் குதிரைக்காரரின் 1840-ம் வருஷத்து லென்ஸ் எஃப்/3.6. அதாவது, பீரங்கிக்காரர்கள் கையால் கணக்குப் போட்ட லென்ஸுக்குள் நுழைந்த வெளிச்சத்தில் பாதிகூட உங்கள் லென்ஸுக்குள் நுழையாது. நீங்கள் தப்பிப்பது லென்ஸால் இல்லை, உள்ளே இருக்கும் சென்ஸாரால்.

எனவே 50 எம்எம், எஃப்/1.8. பல கம்பெனிகளில் இதுதான் இருப்பதிலேயே விலை குறைந்த லென்ஸ்களில் ஒன்று. பெரும்பாலும் பிளாஸ்டிக் உடம்பு, பார்வைக்குப் பொம்மை. ஓடுகிற குழந்தையை நிறுத்த 1/250 நொடி வேண்டும். டியூப்லைட் வெளிச்சத்தில் இந்தப் பொம்மை ஐஎஸ்ஓ 1600-ல் சமாளிக்கும் இடத்தில், அந்த ஜூம் 16,000 பக்கம் கேட்கும். படத்தில் குழந்தை மேல் ரவை தூவியது போல இருக்கும்.

ஆனால் வாங்கும் முன் கேமரா பாடியைப் பாருங்கள். சின்ன சென்ஸார் என்றால் 50 என்பது 75, 80 போல நடந்துகொள்ளும். மூன்றடிப் பிள்ளையை முழுசாக எடுக்க ஏழெட்டு அடி பின்னால் போக வேண்டும். பத்துக்குப் பத்து அறையில், கட்டிலும் பீரோவும் போக, அந்த எட்டு அடி பால்கனிக்கு வெளியே இருக்கும். அங்கெல்லாம் 35 எம்எம்தான் புத்திசாலித்தனம்; ஐந்தடியில் வேலை முடியும். 85 எம்எம் வாங்கியே தீருவேன் என்கிறவர்கள் முதலில் பெரிய வீடு வாங்கவும்.

எஃப்/1.8 என்று எழுதியிருக்கிறது என்பதற்காக அதிலேயே குடியிருக்கவும் வேண்டாம். மூன்றடி தூரத்தில் ஃபோகஸ் நிற்பது மூணு நாலு சென்டிமீட்டர். கண்ணைப் பிடித்தால் காது போச்சு. அண்ணன் தங்கை இரண்டு பேரும் ஃப்ரேமில் இருந்தால் எஃப்/4-க்கு வந்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒருவர் தெளிவாகவும் இன்னொருவர் பூர்வ ஜென்ம ஞாபகம் போலவும் விழுவார்கள். பின்னாளில் அந்த ஆல்பத்தை வைத்து சொத்துத் தகராறே வரும். விளக்கைவிட ஜன்னல் நல்லது. குழந்தையை ஜன்னலுக்குக் கூட்டி வர முடியாது. பொம்மையைக் கொண்டுபோய் அங்கே வையுங்கள், பின்னாலேயே வரும்.

இத்தனையும் வேண்டாம், எனக்குக் கலைநயம்தான் வேண்டும் என்றால் அதற்கும் கடை இருக்கிறது. 2013-ல் லோமோகிராஃபி நிறுவனம் பெட்ஸ்வால் லென்ஸை மறுபிறவி எடுக்க வைக்கிறோம் என்று கிக்ஸ்டார்ட்டரில் துண்டு விரித்தது. கேட்டது ஒரு லட்சம் டாலர். விழுந்தது கிட்டத்தட்ட பதினான்கு லட்சம். பளபளக்கும் பித்தளை உடம்பு. ஆட்டோஃபோகஸ் கிடையாது. விளம்பரமே ஓரத்தில் குழைந்து சுழலும் அந்த ப்ளர்தான். 2,000 கில்டர் வாங்கிக்கொண்டு 1891-ல் வறுமையில் கண்ணை மூடிய மனிதர் இன்று எழுந்து வந்தால், நிச்சயம் வாளை உருவுவார். ராயல்டி வராததற்காக இல்லை. தன் கணக்கில் கடைசிவரை சரிப்படாமல் போன அந்த ஓரத்தை மட்டும் இவர்கள் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போகிறார்களே என்று.